குறைந்த விலை மட்டும் போதுமா? அமெரிக்க நகரங்களின் கட்டுமான ஒப்பந்தங்கள், 1900–1921

1900 ஜனவரி 15. நியூயார்க் நகரின் விரைவுப் போக்குவரத்து ஆணையத்துக்கு இரண்டே இரண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வந்திருந்தன. நகரின் முதல் சுரங்க ரயில் பாதையை அமைத்துத்தர ஜான் மெக்டொனால்ட் 3.5 கோடி டாலர் கேட்டார். ஆண்ட்ரூ ஆண்டர்டாங்க் 3.93 கோடி டாலர் கேட்டார். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை கிடைத்தது. நகரத்துக்கு 43 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மையான கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுந்தன. ஒப்பந்ததாரர் பாதியில் கைவிட்டால் யார் பொறுப்பு? வரைபடத்தில் இல்லாத ஒன்று மண்ணுக்கடியில் தட்டுப்பட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும்? தோண்டுகிறவனின் கூலியை யார் தீர்மானிப்பது?

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருந்தன. சில விடைகள் ஒப்பந்தப் பத்திரங்களில் எழுதப்பட்டன. சில நீதிமன்றங்களில் போராடிப் பெறப்பட்டன. சில, குற்றவாளிகள் சிறைக்குப் போன பிறகே கிடைத்தன. அந்த அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குறைந்த விலைக்கே வேலை என்ற விதி தனியாகப் பொதுப்பணத்தைக் காப்பாற்றவில்லை. எதை அளப்பது, யார் ஜாமீன் நிற்பது, யார் மேற்பார்ப்பது, எதிர்பாராத நஷ்டத்தை யார் ஏற்பது என்பவற்றைத் தெளிவாகச் சொன்ன ஷரத்துகளே காப்பாற்றின.

விளம்பரம் முதல் ஜாமீன் வரை

அன்றைய நகரம் ஒன்றில் பாலமோ பள்ளிக்கூடமோ சாக்கடையோ கட்ட வேண்டுமானால் முதல் தடை பணம். நகராட்சி கடன் பத்திரம் வெளியிட வேண்டும். பல ஊர்களில் அதற்கு வாக்காளர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ மக்கள் 1912-இல் 88 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்த பிறகுதான் அந்த ஊரின் இன்றைய நகர மன்றக் கட்டடம் எழுந்தது. அதற்கு முன்பிருந்த நகர மன்றம் கட்டி முடிக்கவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் சில நொடிகளில் அது நொறுங்கியது. அந்த இடிபாட்டைப் பார்த்த மக்களுக்கு, கட்டுமானத்தில் நடந்த ஊழலின் கதை புதிதாகத் தோன்றவில்லை.

பணம் ஒதுக்கிய பிறகு விளம்பரம். 'என்ஜினீயரிங் நியூஸ்', 'என்ஜினீயரிங் ரெக்கார்ட்' போன்ற தொழில் இதழ்கள் வாரந்தோறும் பக்கம் பக்கமாக இத்தகைய அறிவிப்புகளை வெளியிட்டன. இரண்டும் 1917-இல் ஒன்றாயின. எந்த ஊரில் என்ன வேலை, கட்டடக்கலைஞர் யார், உத்தேச மதிப்பு எவ்வளவு, ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் கடைசி நாள் எது, முடிந்த ஏலத்தில் யாருக்கு என்ன விலைக்கு வேலை போனது என்பவை அந்தப் பத்திகளில் இருந்தன. பாஸ்டனில் 1891-இல் ஃபிரெட்ரிக் டாட்ஜ் இந்தச் செய்தியையே தொழிலாக்கினார். வரவிருக்கும் கட்டடங்களைப் பற்றிய தகவலைத் திரட்டிச் சந்தாதாரர்களுக்கு விற்றார். செங்கல், இரும்பு, குழாய் விற்பவர்களுக்கும் சிறு ஒப்பந்ததாரர்களுக்கும் இந்தச் செய்தி அன்றாடத் தேவை. வேலை வருவது பலருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால்தான் உண்மையான போட்டி இருக்கும்.

மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளிகளைக் குறித்த நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்துப் படித்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பது என்ற வழக்கம் பட்டறிவால் வந்தது. 1860-களில் நியூயார்க்கில் ட்வீட் என்ற அரசியல்வாதியின் கும்பல் நீதிமன்றக் கட்டடம் ஒன்றைக் கட்டுவதாகச் சொல்லி ஒரு கோடி டாலருக்கு மேல் செலவு காட்டியது. 1871-இல் அது அம்பலமான பிறகு, அதிகாரியின் விருப்பத்துக்கு இடமே இல்லாத விதி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. குறைந்த விலை என்பது எண். எண்ணில் பாரபட்சம் காட்ட முடியாது. பொறுப்புள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவர் என்று விதியை எழுதியபோது, அந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லுக்கு உறுதி தந்தது ஜாமீன் பத்திரம். ஒப்பந்ததாரர் கைவிட்டால் ஜாமீன் நின்ற நிறுவனம் பணம் கட்ட வேண்டும். கூட்டாட்சி அரசின் வேலைகளில், கூலியும் பொருள் விலையும் பாக்கி நின்றால் அந்த ஜாமீனிலிருந்தே பெறலாம் என்று 1894-இல் சட்டமும் வந்தது.

சுரங்க ரயில்: விலைக்குப் பின்னால் இருந்த கணக்கு

மெக்டொனால்டுக்கு வேலை கிடைத்தது, ஜாமீன் கிடைக்கவில்லை. இவ்வளவு பெரிய வேலைக்கு ஜாமீன் நிற்க நிறுவனங்கள் தயங்கின. கடைசியில் ஆகஸ்ட் பெல்மாண்ட் என்ற வங்கியாளர் பின்னால் வந்து நின்று, பணத்துக்காகவே தனி நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1900 பிப்ரவரி 21-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மார்ச் 24-இல் மேயர் வான் விக் வெள்ளி மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டினார்.

ஒப்பந்தத்தின் அமைப்பு கூர்ந்து கவனிக்கத்தக்கது. கட்டுமானச் செலவை நகரம் கடன் பத்திரம் மூலம் தரும். பாதை நகரத்தின் சொத்தாகவே இருக்கும். கட்டியவரே 50 ஆண்டுகளுக்கு அதைக் குத்தகைக்கு எடுத்து ரயில் ஓட்டுவார். கடன் பத்திரத்தின் வட்டியையும் அசலைத் தீர்க்க ஆண்டுக்கு ஒரு சதவீதத்தையும் வாடகையாகக் கட்டுவார். ஆக, ஒப்பந்ததாரரின் கண் கட்டுமான லாபத்தில் மட்டும் இல்லை. ஐந்து சென்ட் டிக்கெட் வருமானத்திலும் இருந்தது.

இந்தக் கணக்கு 1902-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. புரூக்ளினுக்குப் பாதையை நீட்டும் இரண்டாம் ஒப்பந்தத்துக்குப் பெல்மாண்டின் நிறுவனம் கட்டுமானத்துக்காகக் கேட்டது 20 லட்சம் டாலர்தான். வேலைக்கு அதைப் போலப் பல மடங்கு செலவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. குத்தகை கைக்கு வந்தால் போதும், கட்டுமானத்தில் இழப்பதைப் பல ஆண்டுகளில் மீட்டுவிடலாம் என்பதே அந்த விலையின் பொருள். குறைந்த விலையைப் பார்த்து நகரம் மகிழ்ந்தது. ஆனால் அந்த விலை, அந்தப் பாதைக்குப் போட்டியாளர் எவரும் வர முடியாதபடி வழியை அடைத்தது. ஒப்பந்தப்புள்ளியில் எழுதிய தொகையை மட்டும் ஒப்பிட்டால் இதைக் காண முடியாது. குத்தகைக் காலம், வாடகை, வருமானம் மூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்க்லே பார்சன்ஸ் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார். மெக்டொனால்ட் அவற்றைத் துணை ஒப்பந்ததாரர்களுக்குக் கொடுத்தார். தெருவை வெட்டித் திறந்து, இரும்புச் சட்டம் நிறுத்தி, மேலே மூடும் முறையில் பெரும்பாலான வேலை நடந்தது. கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், டிராம் தண்டவாளம் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டே கீழே தோண்ட வேண்டியிருந்தது. 1902 ஜனவரி 27-இல் பார்க் அவென்யூவில் டைனமைட் வைத்திருந்த கொட்டகை வெடித்துச் சிலர் இறந்தனர். எதிரே இருந்த மரே ஹில் ஹோட்டலின் முகப்பு சிதைந்தது. அந்தப் பகுதியின் துணை ஒப்பந்ததாரர் ஐரா ஷேலர் அதே ஆண்டு ஜூன் மாதம் சுரங்கத்தில் பாறை விழுந்து மாண்டார். 1903 அக்டோபரில் ஃபோர்ட் ஜார்ஜ் சுரங்கத்தில் கூரைப் பாறை சரிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 1904 அக்டோபர் 27-இல் ரயில் ஓடியது. நாலரை ஆண்டில் முடிந்த அந்தச் சாதனையைப் பேசும்போது இந்த உயிர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். விலைப் பட்டியலில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை.

குறைந்த விலையை மறுத்த அணை

நியூயார்க்குக்குக் குடிநீர் கொண்டுவர கேட்ஸ்கில் மலைப்பகுதியில் அஷோகன் அணை கட்டத் திட்டமிட்டார்கள். 1907-இல் ஒப்பந்தப்புள்ளிகளைப் பிரித்தபோது ஜான் பியர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 1.03 கோடி டாலர் கேட்டிருந்தது. மெக்ஆர்தர் சகோதரர்களும் வின்ஸ்டன் நிறுவனமும் சேர்ந்து 1.27 கோடி கேட்டிருந்தன. குடிநீர் வாரியம் வேலையை இரண்டாமவருக்குக் கொடுத்தது. 23 லட்சம் டாலருக்கு மேல் வித்தியாசம். பத்திரிகைகள் கொதித்தன, விசாரணை வேண்டும் என்ற குரல் எழுந்தது.

வாரியத்தின் நிலைப்பாட்டைப் புரிந்துகொள்ள, அன்றைய பெரிய ஒப்பந்தங்களில் விலை எப்படிச் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். கன கெஜம் மண் தோண்ட இவ்வளவு, பாறை உடைக்க இவ்வளவு, பீப்பாய் சிமென்ட்டுக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஒப்பந்ததாரர் விலை எழுதுவார். பொறியாளர் மதிப்பிட்ட அளவால் அதைப் பெருக்கிக் கூட்டிவரும் தொகையை வைத்தே ஒப்பிடுவார்கள். இங்கே ஒரு தந்திரம் உண்டு. முதலில் நடக்கும் மண்வேலைக்கு அதிக விலையும், கடைசியில் வரும் வேலைக்கு மிகக் குறைந்த விலையும் போட்டால் தொடக்கத்திலேயே லாபத்தை அள்ளிவிடலாம். எந்த இனத்தின் அளவு மதிப்பீட்டைவிடக் கூடும் என்று ஊகித்து, அதற்கு மட்டும் விலையை ஏற்றி வைப்பதும் உண்டு. கூட்டுத்தொகை குறைவாகவே தெரியும். இறுதிப் பில்லில்தான் பூதம் கிளம்பும். கட்ட முடியாத விலைக்கு எடுத்துவிட்டுப் பாதியில் நிற்பது இன்னொரு ஆபத்து. அணை வேலை நடுவில் நின்றால் புதிய ஆளைக் கொண்டுவரும் செலவு மிச்சப்பட்ட தொகையை விழுங்கிவிடும்.

அதே நேரம், குறைந்த விலையை மறுக்கும் அதிகாரம் வேண்டியவருக்கு வேலை கொடுக்கும் வழியாகவும் மாறலாம். எனவே பொதுமக்கள் கேட்ட கேள்வி நியாயமானது. மறுப்பதற்கான காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். அது பகிரங்கமாகச் சோதிக்கப்பட வேண்டும். அணை கட்டி முடிந்தது. 1917-இல் கேட்ஸ்கில் நீரின் வரவை நகரம் விழா எடுத்துக் கொண்டாடியது.

அடிக்கணக்கில் நாற்காலி

பென்சில்வேனியா மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் பழைய சட்டமன்றக் கட்டடம் 1897-இல் எரிந்துபோனது. புதிய கட்டடத்துக்கு 40 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 1906 அக்டோபர் 4-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் திறந்துவைத்தார். கட்டடம் ஒதுக்கிய தொகைக்குள் முடிந்ததாகவே சொன்னார்கள். ஆனால் அந்த ஆண்டு புதிதாகப் பொறுப்பேற்ற மாநிலக் கருவூல அதிகாரி வில்லியம் பெர்ரி கணக்குகளைப் புரட்டியபோது, மொத்தச் செலவு 1.3 கோடி டாலரை எட்டியிருப்பது தெரிந்தது. கூடுதல் பணம் போனது மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றுக்கு.

அந்தத் தளவாடங்களுக்கும் போட்டி டெண்டர் நடந்திருந்தது. ஜான் சாண்டர்சன் என்ற ஒப்பந்ததாரர்தான் அதை எடுத்திருந்தார். கோளாறு அளவு முறையில் இருந்தது. மரச்சாமான்களை எண்ணிக்கைக்கு அல்லாமல் அடிக்கணக்கிலும், சரவிளக்குகளை எடைக்கணக்கிலும் விலை பேசியிருந்தார்கள். எந்த அடி, நீளமா, பரப்பா, கன அளவா என்று பத்திரம் சொல்லவில்லை. காலணிக்கு மெருகு போடும் மேடை ஒன்றுக்கு அடிக்கு 18.40 டாலர் வீதம் 1,619.20 டாலர் பில் போட்டார்கள். வகுத்துப் பார்த்தால் 88 அடி. ஆள் உட்காரும் ஒரு மேடையில் 88 அடியைக் காட்டும் சுதந்திரத்தை அந்தத் தெளிவற்ற சொல் கொடுத்தது. விளக்கில் உலோகத்தைக் கூட்டக் கூட்டப் பணமும் கூடியது.

1908-இல் சாண்டர்சனும், முன்னாள் கருவூல அதிகாரி, தணிக்கைத் தலைவர், கட்டடக் கண்காணிப்பாளர் ஆகியோரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கட்டடக்கலைஞர் ஜோசப் ஹூஸ்டன் 1910-இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். டெண்டர் விட்டதால் நேர்மை வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அளவை எழுதியவர், அளந்தவர், பில்லைப் பாஸ் செய்தவர் மூவரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் விலைப் போட்டி வெறும் சடங்காகிவிடும்.

தனியார் கண்ட மாற்று வழி

தனியார் கட்டடங்களில் வேறொரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் கட்டடச் சொந்தக்காரர் கொத்து வேலைக்கு ஒருவர், தச்சு வேலைக்கு ஒருவர், குழாய் வேலைக்கு ஒருவர் என்று தனித்தனியே ஒப்பந்தம் போடுவார். ஒருவரின் தாமதத்துக்கு இன்னொருவரைக் காரணம் காட்டுவார்கள். சிகாகோவின் ஜார்ஜ் ஃபுல்லர் எல்லா வேலைகளையும் ஒரே ஒப்பந்தத்தில் தானே ஏற்கும் முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டினார். அவர் 1900-இல் இறந்த பிறகு அவருடைய நிறுவனம் நியூயார்க்கில் கட்டிய முக்கோணக் கட்டடம்தான் 1902-இல் முடிந்த ஃபிளாட்அயர்ன்.

வுல்வொர்த் கட்டடம் (1913, 792 அடி) எழும்போது தாம்சன்-ஸ்டாரெட் நிறுவனத்தின் லூயிஸ் ஹோரோவிட்ஸ் மொத்த விலைக்கு வேலை எடுக்கவில்லை; தன் சேவைக்கு 3 லட்சம் டாலர் கட்டணம் கேட்டார். உலகின் மிக உயரமான கட்டடத்தைக் கட்டும் பெருமையே போதுமான ஊதியம் என்று ஃபிராங்க் வுல்வொர்த் வாதிட்டார், ஹோரோவிட்ஸ் இறங்கிவரவில்லை. கட்டணம் நிலையாக இருந்தால் ஒப்பந்ததாரருக்குச் செலவை ஏற்றுவதில் ஆதாயம் இல்லை. தரத்தைக் குறைப்பதிலும் ஆதாயம் இல்லை.

இதே முறையைப் பாஸ்டன் ஒப்பந்ததாரர் ஃபிராங்க் கில்பிரெத், ஆன செலவும் அதன்மேல் நிலையான ஒரு தொகையும் என்று விளம்பரப்படுத்தினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லோவல் ஆய்வகத்தை 1902-இல் 11 வாரத்தில் முடித்துக் கொடுத்தார். கொத்தனார் செங்கல்லுக்காக ஒவ்வொரு முறையும் தரை வரை குனிவதைக் கண்டு, சுவர் உயர உயர ஏற்றக்கூடிய சாரத்தை அமைத்தார். சித்தாள் நல்ல முகம் வெளியே தெரியும்படி கற்களை அடுக்கிக் கைக்கெட்டும் உயரத்தில் வைப்பார். ஒரு கல் வைக்கத் தேவைப்பட்ட 18 அசைவுகள் ஏறத்தாழ ஐந்தாகக் குறைந்தன. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 வைக்க முடிந்தது. செலவுக் கணக்கைச் சொந்தக்காரருக்குத் திறந்து காட்டியதால்தான் இந்தச் சிக்கனத்தின் பலன் அவருக்கும் தெரிந்தது. தினமும் உடனிருந்து கணக்குப் பார்க்கும் சொந்தக்காரர் இருந்தால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். பொதுப்பணத்தில் அந்தக் கண் எப்போதும் இருப்பதில்லை. அதனாலேயே நகராட்சிகள் டெண்டரை விட்டுவிட முடியவில்லை.

ஆனால் போட்டியையும் கூடிப்பேசிக் கொல்லலாம். 1920-இல் நியூயார்க் சட்டமன்றத்தின் லாக்வுட் குழு, வழக்கறிஞர் சாமுவேல் அன்டர்மையர் துணையோடு விசாரித்தபோது, குழாய் வேலை ஒப்பந்ததாரர்கள் உள்ளிட்டோர் தங்கள் விலைகளை முன்கூட்டியே ஜான் ஹெட்ரிக் என்ற வழக்கறிஞரிடம் கொடுத்துவந்தது தெரிந்தது. யார் குறைந்த விலைக்காரராக இருக்க வேண்டும் என்பது உறை பிரியும் முன்பே முடிவாகியிருந்தது. இன்னொரு பக்கம், கட்டடத் தொழிற்சங்கங்களின் தலைவர் ராபர்ட் பிரிண்டெல் வேலைநிறுத்தத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்த குற்றத்துக்காக 1921-இல் சிறைக்குப் போனார். விலையேற்றத்தின் சுமை முழுவதும் வீடின்றித் தவித்த நகரவாசிகள்மேல் இறங்கியது.

தெரியாத அணை, தெரிந்த பொறுப்பு

1905-இல் ஜார்ஜ் ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரர் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறை ஒன்றை 7,57,800 டாலருக்குக் கட்ட ஒப்புக்கொண்டார். வேலையிடத்தின் குறுக்கே ஆறடிச் செங்கல் சாக்கடை ஓடியது. அதை எங்கே, எந்த அளவில் மாற்றி அமைக்க வேண்டும் என்று அரசின் வரைபடமே சொன்னது. அவர் அப்படியே செய்தார். ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் பெருமழையும் கடலின் ஏற்றமும் ஒன்றாக வந்தபோது புதிய சாக்கடை உள்ளழுத்தத்தால் உடைந்து, தோண்டிய குழி முழுவதும் நீர் நிரம்பியது. அதனோடு இணைந்த ஏழடிச் சாக்கடைக்குள் ஐந்தடிக்கு மேல் உயரமான தடுப்பணை ஒன்று இருந்தது பிறகுதான் தெரிந்தது. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

வேலையிடத்தைப் பார்வையிட்டுப் பொறுப்பேற்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், நஷ்டம் உங்களுடையது என்றது அரசு. பொறுப்பை அரசு ஏற்காமல் வேலையைத் தொடர ஸ்பியரின் மறுத்தார். ஒப்பந்தம் ரத்தானது, வழக்கு நடந்தது. 1918 டிசம்பர் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ் தீர்ப்பு எழுதினார். வரைபடம் கொடுத்தவர் அது வேலைக்கு ஏற்றது என்று உறுதி கொடுத்தவராகவே கருதப்படுவார். இடத்தைப் பார்வையிடும் பொதுவான ஷரத்து அந்த உறுதியை அழிக்காது. ஸ்பியரினுக்கு 1,41,180.86 டாலர் கிடைத்தது. இன்றும் அமெரிக்கக் கட்டுமானச் சட்டம் அவர் பெயரிலேயே இந்தக் கோட்பாட்டை அழைக்கிறது.

ஒப்பந்ததாரருக்குச் சலுகை காட்டிய தீர்ப்பாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. எல்லா அபாயத்தையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டினால், விவேகமுள்ளவர் அந்த அபாயத்துக்கும் சேர்த்து விலை ஏற்றுவார். விவேகமில்லாதவர் ஏற்றாமல் எடுத்துப் பாதியில் விழுவார். இரண்டிலும் இழப்பு மக்களுக்கே.

கூலியும் ஒரு ஷரத்து

பொதுவேலையில் அந்த வட்டாரத்தில் வழங்கும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 1890-களின் இறுதியில் சட்டம் செய்தது. தெரு வேலை எடுத்த ராட்ஜர்ஸ் என்ற ஒப்பந்ததாரர் அந்தக் கூலியைக் கொடுக்காததால் நகரக் கணக்குத் தலைவர் பேர்ட் கோலர் பில்லை நிறுத்தினார். 1901-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. தொழிலாளர் இயக்கம் விடவில்லை. 1905-இல் மாநில அரசியலமைப்பையே திருத்திப் பொதுவேலைகளில் கூலியையும் வேலை நேரத்தையும் ஒழுங்குசெய்யும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்குக் கொடுத்தார்கள். 1931-இல் கூட்டாட்சி அளவில் இதே கொள்கை சட்டமானது. குறைந்த விலைப் போட்டி, கூலியைக் குறைக்கும் போட்டியாக மாறுவதைத் தடுக்க இந்த ஷரத்து தேவைப்பட்டது.

பொதுவேலையில் குடிமக்களுக்கு மட்டுமே இடம் என்ற இன்னொரு விதியும் இருந்தது. சுரங்கப் பாதைகளைத் தோண்டியவர்களில் பெரும்பகுதியினர் குடியுரிமை பெறாத இத்தாலியர்களும் பிற குடியேறிகளும். அந்த விதி செல்லும் என்று 1915-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் கைகள் இல்லாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்பதால் அதே ஆண்டில் சட்டமன்றம் விதியைத் தளர்த்த நேர்ந்தது.

இந்த இருபது ஆண்டுகளின் பாடம் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரு பொதுக் கட்டுமானத்தின் விலை அறிவிக்கப்படும்போது நாம் அந்தத் தொகையோடு நின்றுவிடக் கூடாது. எந்த அலகில் அளக்கிறார்கள், அளப்பவர் யார், பில்லைச் சரிபார்ப்பவர் யார், மண்ணுக்கடியில் உள்ளதைப் பற்றி அரசு தனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்லியிருக்கிறதா, வேலை செய்பவனின் கூலியும் உயிரும் ஷரத்தில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் அந்தப் பத்திரத்தைப் படிக்க உரிமை உண்டு. படித்துக் கேள்வி கேட்பதே பொதுப்பணத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய முதல் காவல்.